ஆகாயத்தை ஏலம் கேட்பவர்

சௌக்கியம் விசாரிப்பதற்கு முன்பாக "டிக்கெட் எவ்வளவு ஆச்சு?" என்று விசாரிக்கிற மனிதர்களைப் புதுவைப் பிரதேசத்தின் எந்தக் கிராமத்திலும் காணலாம் என்றாலும், அந்த வர்க்கத்துக்குரிய சகல லட்சணங்களும் ஒரே சரீரத்தில் பொருந்தியிருப்பதைத் தரிசிக்க ஆசைப்படுகிறவர்கள் அரியாங்குப்பத்தைத் தாண்டி வீராம்பட்டினத்துக்குத்தான் வர வேண்டும். செங்கழுநீர் அம்மன் கோயிலுக்குப் பக்கத்து நிழலில், வலை சீர்ப்படுத்துகிறவர்களுக்கும் சீட்டாடுகிறவர்களுக்கும் நடுவே, கண்ணாடி கீறல் விட்ட கைபேசி ஒன்றை மூக்கு நுனிக்கு வெகு அருகில் பிடித்துக்கொண்டு, உதடுகள் மெல்ல அசைய எதையோ எண்ணிக்கொண்டிருக்கும் அறுபது வயதுக்காரர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பார். ஜபம் செய்கிறார் என்று நினைத்துக் கும்பிட்டுவிட வேண்டாம். நவம்பர் மாதத்தில் சென்னையிலிருந்து பாரிசுக்கு எந்தத் தேதியில் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஊரில் அவருக்குப் 'பிளேன் மாமா' என்று பெயர். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகு ஒன்றில் பங்குக்காரராகிய இவர், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அமுலுக்கு வந்து படகுகளெல்லாம் கரையோடு கட்டிக் கிடந்த ஏதோ ஒரு வருஷத்தில், பொழுதுபோக்காக ஆரம்பித்த வித்தை இது. கடலுக்குப் போகத்தான் சர்க்கார் தடை போட்டிருக்கிறதே தவிர, ஆகாயத்தைப் பார்க்க யாரும் தடை போடவில்லை அல்லவா? அவர் தாமே ஒரு தடவையாவது விமானம் ஏறியதுண்டா என்று நீங்கள் கேட்கக்கூடும். இல்லை. தமக்கு உகந்தது என்று அவர் மனத்தில் நிர்ணயித்திருக்கும் விலைக்கு எந்த டிக்கெட்டும் இதுவரையில் இறங்கி வரவில்லை.

இப்படிப்பட்ட ஒரு புருஷர் இந்த மண்ணில் அவதரித்ததற்குத் தக்க சரித்திரக் காரணம் இருக்கிறது. 1962-ஆம் வருஷம் ஆகஸ்டு 16-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்களின் உரிமை சட்டப்படி முடிவுக்கு வந்தபோது, பிரெஞ்சுப் பிரஜைகளாகவே தொடர விரும்பியவர்களுக்கு அதற்கு வழி விடப்பட்டது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் செய்து பென்ஷன் வாங்கிய 'சொல்தா' வீடுகளின் பேரப்பிள்ளைகள் இன்று பாரிசைச் சுற்றியுள்ள சார்செல், லா கூர்நெவ் முதலிய புறநகர்களில் குடியிருக்கிறார்கள். மற்ற வீடுகளிலும் யாராவது ஒருவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இல்லாமல் இருப்பதில்லை. ஆகவே கல்யாணம், காதுகுத்து, சாவு ஆகிய எந்தக் காரியமும் விமானக் கம்பெனிகளின் தயவை நாடாமல் இங்கே பூர்த்தியாகிறதில்லை.

கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாவிட்டாலும், டவுன் பஸ் ஏறிப் போய்ச் சேரக்கூடிய லாஸ்பேட்டையில் நமக்கென்று ஒரு விமான நிலையம் இருக்கத்தான் இருக்கிறது. ஓடுபாதை ஏறக்குறைய 1,500 மீட்டர்தான். விசிறி சுழலும் சின்ன விமானம் இறங்கலாம், பாரிசுக்குப் போகிற பேருருவம் இறங்க முடியாது. அந்தச் சின்ன விமானமாவது நிலையாக வந்ததா என்றால், 2013-இல் பெங்களூருக்கு ஒன்று வந்தது, மறு வருஷமே நின்றது. 2015-இல் இன்னொன்று வந்தது, அதுவும் அந்த வருஷத்தைத் தாண்டவில்லை. 2017 ஆகஸ்டில், ஒரு மணி நேரப் பிரயாணத்துக்கு 2,500 ரூபாய் என்று சில இடங்களுக்கு விலைவரம்பு கட்டிய உடான் திட்டத்தின் கீழ் ஐதராபாத்துக்குச் சேவை ஆரம்பமாகி, பிற்பாடு அதுவும் நின்று, 2024 டிசம்பரில் இண்டிகோ கம்பெனியார் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் 78 இடங்கள் கொண்ட ஏ.டி.ஆர். விமானத்தை விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் முதல் விமானம் தலைக்கு மேல் தாழ்ந்து போகும்போது மாமா எழுந்து நின்று பார்ப்பார், பார்த்துவிட்டு, "எத்தனை மாசமோ?" என்பார்.

லாஸ்பேட்டையிலிருந்து பெங்களூர் போய் அங்கிருந்து பாரிசுக்குப் போவது லாபமா, பஸ்ஸில் சென்னை போய் ஏறுவது லாபமா, அல்லது திருச்சிக்குப் போய்க் கொழும்பு வழியாகச் சுற்றுவது லாபமா என்பது அவருக்கு என்றும் தீராத தத்துவ விசாரம். பக்கத்திலேயே அரிக்கமேடு இருப்பது இந்த விசாரத்தில் அவருடைய ரோஷத்தைக் கிளப்புகிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் துரை அங்கே தோண்டி, ரோமாபுரி வர்த்தகத்தின் அடையாளங்களாகிய ஆம்போரா ஜாடித் துண்டுகளை வெளிக்கொணர்ந்தார் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். மாமாவோ அதிலிருந்து வேறொரு நியாயத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்: "ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ரோமாபுரிச் சரக்கு நம்ம ஊர் வாசல்ல வந்து இறங்குச்சு. இப்ப பாரிசுக்குப் போறதுக்கு நாம மெட்ராசுக்கு நடக்கணும், இன்னா நியாயம் இது?" அந்தக் காலத்துக் கப்பல்காரர்களும் பருவக் காற்றுக்காக மாதக் கணக்கில் காத்துக் கிடந்தவர்கள்தாம் என்று நான் சொன்னபோது, "காத்து சும்மா அடிச்சுது, அதுக்குக் காசு கேட்டானா?" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

அவர் டிக்கெட் தேடும் முறையைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். முதலில் கைபேசியில் 'இன்காக்னிட்டோ' என்ற இருட்டுத் திரையைத் திறந்துகொள்வார். தாம் ஆசைப்படுவது கம்பெனிக்குத் தெரிந்தால் விலையை ஏற்றிவிடுவான் என்பது அவருடைய திடமான சித்தாந்தம். செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் விலை இறங்கும் என்பது மற்றொன்று. இவை இரண்டும் உலகம் முழுவதும் பரவியுள்ள நம்பிக்கைகளே ஒழிய உறுதியான ஆதாரம் எதுவும் காணோம் என்று எடுத்துக் காட்டினால், வெள்ளிக்கிழமை கடலில் மீன் படுவதற்கு மட்டும் ஆதாரம் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்பார். ஆனால் அவருக்குத் தெரிந்த நிஜமான நுட்பங்களும் உண்டு. விமானத்துக்குள் இடங்கள் எல்லாம் ஒரே அச்சாக இருந்தாலும், அவற்றைக் கம்பெனிக்காரர்கள் ஆங்கில எழுத்துகளைப் பெயராகக் கொண்ட பல விலைத் தட்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கீழ்த்தட்டு தீர்ந்தால்தான் அடுத்த தட்டு என்பது பொது விதி. நாலு பேருக்குச் சேர்த்துக் கேட்கும்போது கீழ்த்தட்டில் மூன்றே இடங்கள் மிச்சமிருந்தால், கணிப்பொறி பெரும்பாலும் நாலு பேருக்குமே மேல்தட்டு விலையைத்தான் சொல்லும். மாமா இதை அறிந்தவராகையால், குடும்பம் என்று வந்தால் உடனே பிரித்துவிடுவார். போன வருஷம் ஒரு வீட்டாருக்கு மூன்றும் ஒன்றுமாகப் பிரித்து எடுத்துக் கொடுத்ததில், அந்த 'ஒன்று' எழுபத்தைந்து வயது ஆயாவாக வாய்த்து, அவள் பஹ்ரைன் வரையில் இரண்டு அந்நியப் புருஷர்களுக்கு நடுவில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கொடுத்த ஆகாரத்தைத் தொடாமலே போய்ச் சேர்ந்தாள். மிச்சமானது எவ்வளவு என்று மாமா இன்றைக்கும் காசு சுத்தமாகச் சொல்லுவார்.

இந்த வித்தையில் அவரை எதிர்த்து நிற்கக்கூடியவர் ஊரில் ஒரே ஒருவர்தாம்: கரையில் மீனை ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் சுமந்துபோய்ப் பெரிய மார்க்கெட்டில் விற்கிற அவருடைய அண்ணி. ஒரு நாள் காலை, சங்கராவும் காரப்பொடியும் மணலில் கூறுகட்டிக் கிடக்க, இருவருக்கும் நடந்த வாக்குவாதத்தை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏன் கொழுந்தனாரே, பிளேன் கெளம்பிப் போயிட்டா காலியா இருந்த சீட்டு இன்னா ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது அண்ணி. போனது போனதுதான்."

"அப்ப அது வெயில்ல கெடக்குற மீனு. நேரம் ஆவ ஆவ வெலையை இறக்கித்தானே தள்ளணும்? அவன் ஏன் கடைசி நாள்ல ஏத்துறான்?"

மாமா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "உன்கிட்ட கடைசியில வர்றவன் ஏழை, அவன்கிட்ட கடைசியில வர்றவன் அவசரக்காரன்" என்றார்.

பொருளாதார சாஸ்திர வகுப்புகளில் பல மணி நேரம் செலவிட்டு விளக்கப்படும் விஷயத்தை இதைவிடச் சுருக்கமாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. 1978-இல் அமெரிக்க தேசத்தில் விமானக் கட்டணங்களைச் சர்க்கார் நிர்ணயிப்பதை விட்டுவிடச் சட்டம் செய்தார்கள். 1985-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனியார், முன்கூட்டியே வாங்குகிறவனுக்கு அடிமாட்டு விலையும் கடைசி நேரத்தில் ஓடிவருகிற வியாபாரிக்கு முழு விலையும் என்று கணிப்பொறியின் துணையோடு ஒரே விமானத்துக்குள் பல விலைகளைப் புகுத்தினார்கள். அன்று பிறந்த வழக்கம் இன்று உலகத்தை ஆள்கிறது. நம் தேசத்தில் 1953-இல் ஒரு சட்டத்தின் மூலம் விமானக் கம்பெனிகள் தேசியமயமாகி, அந்தச் சட்டம் 1994-இல் ரத்தாகி, 2003-இல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் வந்து, சில இடங்களை ஒரு ரூபாய்க்குக்கூட விற்றுக் காட்டியது. அந்த ஒரு ரூபாய்தான் மாமாவைப் போன்றவர்களின் புத்தியை நிரந்தரமாகக் கலக்கிவிட்டது என்பது என் அபிப்பிராயம். ஒரு ரூபாய்க்கு விற்றவன் மறுபடி ஒருநாள் விற்கமாட்டானா?

இதில் மாமாவை முழுக்கப் பரிகசிக்க எனக்கு மனம் வருவதில்லை. வீராம்பட்டினத்துக் கரையில் எந்த மீனுக்கும் ஒட்டிய விலைச்சீட்டு கிடையாது. ஏலம் கூவுகிறவன் சத்தமாகத்தான் கூவ வேண்டும். கேட்கிறவளும் சத்தமாகத்தான் கேட்க வேண்டும். நூறு பேர் காதில் விழுந்த பிறகுதான் அது விலை. பிறந்தது முதல் அந்தச் சத்தத்திலேயே வளர்ந்த மனிதர், முகமும் குரலும் இல்லாத ஒரு வியாபாரி, ராத்திரியில் ஒன்றும் காலையில் ஒன்றுமாக மௌனமாகவே விலையை மாற்றிக்கொண்டு போவதைப் பார்த்து, அவனோடு எப்படியாவது பேரம் பேசித் தீர்ப்பது என்று உட்கார்ந்திருக்கிறார். நாமெல்லாம் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு முனகுகிறோம்.

மலிவின் பொருட்டு அவர் பிறருக்கு விதிக்கும் விரதங்கள்தாம் கொஞ்சம் கடுமை. பதினாலு மணி நேரம் ஷார்ஜாவில் உட்கார்ந்திருப்பதை அவர் ஒரு கஷ்டமாகவே கருதுகிறதில்லை, "ஏ.சி.யிலதானே உக்காரப் போறே?" என்பார். மூட்டை முடிச்சுகளை மீன் நிறுக்கிற தராசில் ஒவ்வொன்றாக மாட்டி, கைப்பெட்டி ஏழு கிலோவுக்கு மேல் ஒரு வெற்றிலை எடைகூடப் போகாமல் பார்த்துக்கொள்வார். ஐரோப்பாவுக்குள் பிரயாணிகள் மாமிசமும் பால் பண்டங்களும் கொண்டுபோகக் கூடாது என்பதும், மீன் மட்டும் சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை தடையில்லை என்பதும் சட்டம். ஆகவே பால்கோவாவையும் நெய்யையும் இரக்கமின்றி வெளியே எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் நெத்திலிக் கருவாட்டை ஏழு சுற்றுப் பிளாஸ்டிக்கில் பொதிந்து வைப்பார். ஐரோப்பாக்காரர்கள் செய்த சட்டங்களிலேயே இதுதான் நியாயமான சட்டம் என்பது அவர் தீர்ப்பு.

டிக்கெட் வாங்கிவிட்டால் மற்றவர்களுக்குக் கவலை ஓயும். இவருக்கு அன்றுதான் ஆரம்பமாகும். வாங்கிய டிக்கெட்டின் விலையை அது பறக்கிற நாள் வரையில் தினந்தோறும் பார்த்துக்கொண்டிருப்பார். விலை ஏறினால் வீட்டில் அன்று வஞ்சிரம். இறங்கினால், அதுவும் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் இறங்கினால், யாரோடும் பேசமாட்டார். ஆகஸ்டு நடுவில் வருகிற ஆடித் தேர், பிரெஞ்சுப் பள்ளிக்கூட விடுமுறையின் உச்சத்தில் விழுந்து, பாரிசிலிருந்து வருகிறவர்களுக்கு டிக்கெட் எட்டாத உயரத்துக்குப் போய்விடுவதைப் பற்றி, தேர்த் திருவிழாவைப் பிப்ரவரிக்கு மாற்றினால் என்ன என்று பஞ்சாயத்தில் அவர் பிரஸ்தாபித்ததாக ஒரு வதந்தி உண்டு. அம்மன் சந்நிதியில் நின்று கேட்டபோது மறுத்தார். மறுத்த குரலில் உறுதி போதவில்லை.

சமீபத்தில் எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காலமானார். ஒரே மகன் பிரான்சில். தகப்பனாரை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு ஊரே காத்திருக்க, அந்தப் பையன் கிடைத்த விமானத்தில் கேட்ட விலையைக் கொடுத்து ஓடிவந்து கொள்ளி வைத்தான். அன்றைக்கு மாமா பந்தல் போடுவதிலிருந்து பாடை தூக்குவது வரை முன்னின்று செய்தார். வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் வரையில் அவர் பட்ட அவஸ்தையை அருகிலிருந்து பார்த்தவர்களே அறிவார்கள். பந்தியில் பையனுக்குப் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தவர், சாம்பார் ஊற்றுகிற மட்டும் பொறுத்திருந்து, தணிந்த குரலில் கேட்டார்:

"தம்பி, தப்பா நெனச்சுக்காதே. அன்னிக்கு டிக்கெட் எவ்வளவு ஆச்சு?"

"ஆயிரத்து நானூறு யூரோ மாமா."

"போகவரவா?"

"இல்ல, வர்றதுக்கு மட்டும்."

மாமாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது. ஒருவழிக்குக் கொடுத்த பணத்தில் பல சமயம் போகவர இரண்டுமே கிடைத்துவிடும் என்பதை அவர் அறிவார். அந்த நேரத்தில் அதைச் சொல்லக் கூடாது என்பதையும் அறிவார். இரண்டு அறிவும் சேர்ந்து தொண்டையை அடைக்க, பெரியவர் இறந்த அன்று கலங்காத கண்கள் கலங்கின. தகப்பனைப் பறிகொடுத்த பையன் பதறிப்போய் அவர் தோளைத் தொட்டு, "விடுங்க மாமா, திரும்பிப் போறதுக்கு இன்னும் எடுக்கலை. நீங்களே பார்த்து எடுங்க" என்றான்.

பாயசத்துக்குக் காத்திராமல் மாமா இடது கையால் இடுப்பிலிருந்து கைபேசியை உருவினார். "எவன்கிட்டயும் கேக்காதே. செவ்வாய்க்கிழமை வரைக்கும் பொறு."