மொய் திரும்பிய இரவு

மொய்க்கு ஒரு தர்மம் உண்டு. வாங்கிய வீடு என்றைக்காவது திருப்பிச் செய்தாக வேண்டும், அதுவும் கொஞ்சம் கூட்டி. பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் இந்தத் தர்மம் நிறைவேறப் பதினோரு வருஷம் ஆனது.

வாங்கிய நாள் 2013 ஏப்ரல் 23. புனே வாரியர்ஸ் கேப்டன் ஆரோன் ஃபின்ச் டாஸ் ஜெயித்து, பந்துவீச்சைக் கேட்டு வாங்கினார். தலையெழுத்தைக் கேட்டு வாங்குவது என்பது இதுதான். எதிரே பெங்களூருவின் ஐ.பி.எல். அணியான ஆர்.சி.பி.யின் கிறிஸ் கெய்ல். 30 பந்தில் சதம், 66 பந்தில் 175, அதில் 17 சிக்ஸர். மிட்செல் மார்ஷ் 3 ஓவரில் 56, அலி முர்தாசா 2 ஓவரில் 45. ஆள் போதாமல் ஃபின்ச்சே ஒரு ஓவர் போட்டு, தன் பங்குக்கு 29 எழுதிவிட்டுப் போனார். புவனேஸ்வர் குமார் மட்டும் 4 ஓவருக்கு 23. பந்தியில் மோர் மட்டும் குடித்துவிட்டு நழுவுகிற சித்தப்பா மாதிரி. ஆர்.சி.பி.க்கு வசூல் 263. அந்த சீசனோடு புனே அணி கடையைச் சாத்திவிட்டது. கொடுத்தவர் போனார், கணக்கு போகவில்லை.

2024 ஏப்ரல் 15, திங்கட்கிழமை. அந்தக் கோடையில் ஊரில் போர்வெல்கள் வற்றி, தண்ணீர் லாரிக்காக அடுக்குமாடிக்காரர்கள் தவம் கிடந்தார்கள். வற்றாமல் ஓடியது சின்னசாமியில் ரன் மட்டும்தான். வந்தது சன்ரைசர்ஸ் ஹைதராபாத். மூன்று வாரம்கூட ஆகவில்லை, மும்பைக்கு எதிராக 277 அடித்து, ஆர்.சி.பி.யின் அந்தப் பழைய 263 சாதனையை இறக்கிவைத்திருந்தவர்கள். அவர்களிடம் டாஸ் ஜெயித்த ஆர்.சி.பி. கேப்டன் டு பிளெசி என்ன செய்தார்? ஃபின்ச் செய்ததையேதான்.

கூத்து அதோடு நிற்கவில்லை. அன்றைய அணியில் நான்கு வேகப்பந்து வீச்சாளர்கள்; முழுநேரச் சுழல் வீச்சாளர் ஒருத்தர்கூட இல்லை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், பந்து பறவையாகிற ஊர் இது. பவுண்டரியோ கைநீட்டும் தூரம். இங்கே வேகமாக வீசினால் சிக்ஸரில் பாதியை நாமே அடித்துக் கொடுத்த மாதிரி. சில்க் போர்டு சிக்னலில் மணிக்கணக்காக ஊர்ந்து பழகிய எங்களுக்கு மெதுவாகப் போவதை யாராவது சொல்லித்தர வேண்டுமா? எங்கள் அணிக்கு மட்டும் தெரியவில்லை.

டிராவிஸ் ஹெட் 39 பந்தில் சதம். ஹெட்டும் அபிஷேக் சர்மாவும் பிரிவதற்குள் 108. ஹெட் போனாரே என்று மூச்சுவிட நேரம் தராமல் கிளாசன் 31 பந்தில் 67. கடைசியாக, ஐஸ்கிரீம் சாப்பிட வந்த பையன் மாதிரி அப்துல் சமத் உள்ளே வந்து 10 பந்தில் 37. மொத்தம் 22 சிக்ஸர்.

இனி மைக்கில் வாசிக்கிறேன், கேளுங்கள். ரீஸ் டாப்ளி 68. நம்ம ஊர்ப் பையன் வைஷாக் விஜயகுமார் 64. லாக்கி ஃபெர்குசன் 52. யஷ் தயாள் 51. வில் ஜாக்ஸ், மூன்று ஓவருக்கு, 32. மகிபால் லோம்ரோர், ஒரே ஓவருக்கு, 18. யார் பேரிலும் சேராத 2 ரன் உண்டியலில். ஆகமொத்தம் 287. வாங்கியது 263, வட்டி 24. பதினோரு வருஷத்துக்கு இது கந்துவட்டி இல்லை, நியாயமான வட்டிதான்.

பதிலுக்கு ஆர்.சி.பி.யும் சும்மா இருக்கவில்லை. நம்ம சென்னைக்காரர் தினேஷ் கார்த்திக், 38 வயதில், 35 பந்தில் 83. இந்த முறை ஹைதராபாத் சட்டையில் நின்ற புவனேஸ்வருக்கும் மோரோடு நழுவ வழியில்லை. முடிவில் 262. தன் பழைய வசூலுக்கே ஒரு ரன் குறைவு. ஜெயிக்க 26 குறைவு. இரு தரப்பும் சேர்ந்து 549. டி20 ஆட்டத்தில் அதற்கு முன் யாரும் பார்க்காத தொகை. டென்னிஸ்காரர் மகேஷ் பூபதி பொறுக்கமாட்டாமல், அணியை வேறு முதலாளிக்கு விற்கவைக்க வேண்டும் என்று கிரிக்கெட் வாரியத்துக்கே பகிரங்கமாக யோசனை சொன்னார். ஏழு ஆட்டத்தில் ஆறு தோல்வி பார்த்த ஊரில் அதைக் குறை சொல்ல ஆளில்லை.

மெதுவாக வீசி விக்கெட் எடுக்கத் தெரிந்த ஒருவர் இந்த வீட்டிலும் இருந்தார். யுஸ்வேந்திர சஹால், எட்டு சீசன், 139 விக்கெட். 2022 ஏலத்துக்கு முன் அவரை அனுப்பிவிட்டார்கள். மொய் எழுதிய அந்த இரவுக்குச் சரியாக ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 22 அன்று, ஜெய்ப்பூரில் ராஜஸ்தான் சட்டையில் முகமது நபியை வீழ்த்தி, ஐ.பி.எல்.லில் 200 விக்கெட்டைத் தொட்ட முதல் ஆளானார் சஹால்.