வேலன் வெறியாட்டும் விண்டோஸ் எச்சரிக்கையும்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி வழியாக நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போனால் சாலை கிளாவரையில் முடிந்துவிடுகிறது. அப்பால் காடும் கேரள எல்லையும்தான். சாலை முடிகிற இடத்திலும் போலி ஆன்டிவைரஸ் முடிவதில்லை என்பதே இவ்வாய்வின் கருதுகோள்.

ஆய்வுக்களம் குறிஞ்சி நிலம் என்பதில் உரையாசிரியர் எவருக்கும் மாறுபாடு இருக்க முடியாது. மலை இருக்கிறது. மலையில் விளையும் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் இருக்கின்றன. வழியில் பூம்பாறையில் முருகன் குழந்தை வேலப்பராக வீற்றிருக்கிறான். இந்நிலத்தில் பூண்டு விவசாயி ஒருவர் வீட்டில் ஒரு கணினி இருப்பதாகக் கொள்வோம். மகளின் படிப்புக்கென்று வாங்கியது. ஒரு நாள் இரவு அதன் திரை திடீரெனச் சிவக்கிறது. சைரன் அலறுகிறது. கணினியில் நானூற்றுச் சொச்சம் வைரஸ்கள் புகுந்துவிட்டன, உடனே இந்த எண்ணுக்கு அழைக்கவும் என்று கட்டளை வருகிறது.

முதற்பொருளிலிருந்து தொடங்குவதே மரபு. குறிஞ்சிக்குரிய சிறுபொழுது யாமம். போலி ஆன்டிவைரஸ் தோன்றுவதும் பெரும்பாலும் யாமத்தில்தான். புதுப்படத்தை இலவசமாகத் தேடும் பொழுதும் அதுவே. கருப்பொருளுள் பறை, மேற்சொன்ன சைரன். பூ, சிவப்பிலோ மஞ்சளிலோ ஒரு கேடயப் படம். நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது, இனி 2030-இல்தான் பூக்கும். கேடயத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. உரிப்பொருள் யாது எனின், ஒரு சாரார் பணம் பறித்தல் என்பர். அற்றன்று. பணம் பறித்தல் பயன். உரிப்பொருள் அச்சம்.

அச்சம் எங்கிருந்து பிறக்கும் என்பதைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நான்காக வகுத்துவிட்டார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. கணினியைக் காணாத ஆசிரியர் போலி ஆன்டிவைரஸின் திரையை மட்டும் எப்படியோ கண்டிருக்கிறார். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே புகுந்து வருத்தும் வைரஸ், அணங்கு. 'வோர்ம்' என்னும் புழுவும் 'ட்ரோஜன்' என்னும் குதிரையும், விலங்கு. உங்கள் கடவுச்சொல்லை இக்கணமே ஒருவன் திருடிக்கொண்டிருக்கிறான் என்னும் அறிவிப்பு, கள்வர். அரசுச் சின்னத்தைப் போட்டு, சட்டவிரோதமான படம் பார்த்ததற்காகக் கணினி முடக்கப்பட்டது, அபராதம் கட்டு என்று மிரட்டும் பக்கம், தம் இறை. நான்கையும் ஒரே திரையில் அடக்கிய கவிஞன் சங்க காலத்தில் இல்லை.

இனி நோய்க்கு வருவோம். அகப்பாடல்களில் தலைவி மெலிகிறாள், வளை கழல்கிறது. தாய்க்குக் காரணம் தெரியவில்லை. முருகனின் பூசாரியான வேலனை அழைக்கிறாள். அவன் குறி சொல்லக் கழங்குக் காய்களை உருட்டிப் பார்த்து, இது முருகன் செய்த வருத்தம் என்கிறான். இந்த விடை கழங்கை உருட்டும் முன்பே அவனிடம் இருந்தது. வேறு விடை அவனிடம் எப்போதும் இருந்ததில்லை. வெறியாட்டு நடக்கிறது, ஓர் ஆட்டுக்குட்டி சாகிறது, தலைவி தேறவில்லை. ஐங்குறுநூற்றில் கபிலர் இதற்கென்றே 'வெறிப்பத்து' என்று ஒரு பத்தை ஒதுக்கியிருக்கிறார். நோயின் உண்மைக் காரணம் மலைநாடன் ஒருவனோடு நடந்துவரும் களவொழுக்கம். அது தோழிக்குத் தெரியும். வேலனுக்குத் தெரியாது, தெரிந்தாலும் அவனுக்கு அதில் ஆடு கிடைக்காது.

சோதனைக்கு முன்பே முடிவு என்பது இலக்கியக் கற்பனை என்று கருதுவோர் அமெரிக்காவுக்குப் போகலாம். அங்கே ஆபீஸ் டிப்போ என்னும் கடைத்தொடர் கணினிகளை இலவசமாகச் சோதித்துத் தந்தது. தொடக்கத்தில் நான்கு கேள்விகள்: கணினி மெதுவாக இருக்கிறதா, வைரஸ் எச்சரிக்கை வருகிறதா என்பது போல. ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' என்று கட்டத்தில் குறி போட்டால் போதும், சோதனை என்ன கண்டாலும் காணாவிட்டாலும் நோய்க்குறி உண்டு என்று அறிக்கை வந்தது என்பது அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2019-இல் அக்கடையும் மென்பொருள் தந்த சப்போர்ட் டாட் காம் நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டன. இதற்கு முந்தைய மாபெரும் வெறிக்களம் 'வின்ஃபிக்சர்', 'எக்ஸ்பி ஆன்டிவைரஸ்' முதலியவற்றை விற்ற இன்னொவேட்டிவ் மார்க்கெட்டிங். அதே ஆணையம் 2008-இல் வழக்குத் தொடுத்தது. ஏமாந்தவர்கள் பத்து லட்சத்துக்கு மேல். 2012-இல் நீதிமன்றம் விதித்த தொகை 16.3 கோடி டாலர். அத்தனையும் ஆட்டுக்குட்டிகள்.

நம் நாட்டு வேலர்கள் தொலைபேசியில் ஆடுகிறவர்கள். மைக்ரோசாப்டும் அமேசானும் கொடுத்த புகார்களையும் சேர்த்து, 2023 அக்டோபரில் சிபிஐ 'ஆபரேஷன் சக்ரா-2' என்ற பெயரில் 76 இடங்களில் சோதனை நடத்தியது. இவர்களின் கழங்கு 'ஈவென்ட் வியூவர்'. விண்டோஸ் தன் அன்றாடத் தும்மல், இருமலையெல்லாம் குறித்துவைக்கும் ஏடு அது. நல்ல நிலையில் உள்ள கணினியிலும் அதில் சிவப்புக் குறிகள் இருக்கும். அதைத் திறக்கச் சொல்லி, "பாருங்க சார், எத்தனை எரர்!" என்பார்கள். அடுத்து, கணினியைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் 'எனிடெஸ்க்' போடச் சொல்வார்கள். அதற்கடுத்து, வடுகபட்டிச் சந்தையில் பூண்டு விற்ற பணம் கிடக்கும் வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வார்கள்.

போலியை அடையாளம் காணும் இலக்கணம் சிறியது. மெய்யான ஆன்டிவைரஸ் நோயைக் கண்டால் முதலில் அடைத்துவைக்கும், பிறகுதான் பேசும். போலி முதலில் பேசும், பிறகு காசு கேட்கும், அடைப்பதே இல்லை. மைக்ரோசாப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது. அந்நிறுவனமே இதைச் சொல்லியிருக்கிறது. உலாவிக்குள் திறந்த ஒரு பக்கம் உங்கள் சி டிரைவைச் சோதிப்பதாகக் காட்டும் பச்சைப் பட்டை வெறும் அசைபடம். பெயரை நம்புவதும் வீண். மைக்ரோசாப்ட் 2009-இல் 'செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ்' என்று இலவசமாகக் கொடுத்தது. அடுத்த ஆண்டே 'செக்யூரிட்டி எசென்ஷியல்ஸ் 2010' என்று ஒரு போலி கிளம்பிற்று. விண்டோஸ் 8 முதல் டிஃபெண்டர் கூடவே வருகிறது. காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பவர்களுக்குச் சென்னையிலேயே 1991 முதல் கே7 இருக்கிறது. நள்ளிரவில் சைரன் அடித்துக்கொண்டு வருவதை வாங்குவானேன்?

நீக்கும் முறையைத் தமிழ் மரபு 'அறத்தொடு நிற்றல்' என்று அழைக்கிறது. தோழி தாயிடம் உண்மையைச் சொல்லிவிடுவதே சிகிச்சை. குறிஞ்சிப்பாட்டில் இதற்கு 261 அடி ஆகிறது, நடுவில் 99 பூக்கள் வேறு. கிளாவரையில் இரண்டு வாக்கியம் போதும்.

"அம்மா, படம் பாக்குறப்ப 'அலோ'ன்னு வந்துச்சு. நான்தான் அமுக்கிட்டேன்."

"அடி பாவி, இதுக்கா உங்கப்பா நாலாயிரம் கட்ட ஓடுறாரு?"

கணினி மெலிந்த காரணம் இவ்வளவுதான். இலவசப் பட இணையதளம் ஒன்றோடு கள்ள உறவு. அறிவிப்பு அனுப்ப அதற்கு அனுமதி கொடுத்தாயிற்று. அந்தத் தளத்தை மூடிய பிறகும் திரையின் மூலையில் வைரஸ், வைரஸ் என்று அதுதான் கூவுகிறது. வைரஸே இல்லாமலும் இருக்கலாம்.

ஆகவே முதலில் இணையத்தைத் துண்டிக்க வேண்டும். மேகம் இறங்கினால் சிக்னல் போய்விடும் ஊர்களில் இதை மலையே செய்துகொடுக்கும். திரையில் உள்ள எதையும், மூடுவதற்கான பெருக்கல் குறியைக்கூட, தொட வேண்டாம். அதுவும் வரைந்த படமாக இருக்கலாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் குரோமைத் தேர்ந்து 'எண்ட் டாஸ்க்' கொடுத்தால் சைரன் அடங்கும். மறுபடி திறக்கும்போது, பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்க. பிறகு குரோமின் செட்டிங்ஸில், சைட் செட்டிங்ஸின் கீழ் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' பகுதிக்குப் போய், அனுமதி பெற்ற தளங்களில் அறியாத பெயர்களை எல்லாம் நீக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன்களையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது. பெரும்பாலான வீடுகளில் ஆராய்ச்சி இத்தோடு முடிந்துவிடும்.

மென்பொருளாகவே உள்ளே இறங்கிவிட்டிருந்தால், விண்டோஸ் செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பட்டியலைத் தேதி வாரியாக அடுக்கி, அந்த இரவில் வந்தவற்றைக் களைய வேண்டும். போக மறுத்தால் ஷிஃப்டை அமுக்கியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, சேஃப் மோடுக்குப் போய்க் களையலாம். கடைசியில் விண்டோஸ் செக்யூரிட்டியில் டிஃபெண்டரின் 'ஆஃப்லைன் ஸ்கேன்'. விண்டோஸ் முழுதாக எழும் முன்பே அது தேடும். கால் மணி நேரம் ஆகும், ஒரு டீ குடிக்கலாம். மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திராவும் 2017 முதல் இலவச நீக்கிகளைத் தருகிறது. ஒரு போலியை நீக்க இன்னொரு போலியை இறக்குவோரும் உளர். அவர்களைப் பற்றித் தனிக் கட்டுரை தேவைப்படும்.

தந்தை அதற்குள் போன் பேசி, எனிடெஸ்கும் போட்டுவிட்டார் என்றால் நகைச்சுவைக்கு இடமில்லை. இணையத்தைத் துண்டித்து எனிடெஸ்கை நீக்குங்கள். வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் விடியும்வரை காத்திராமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால், போன பணம் கைமாறும் முன் அதை வழியிலேயே முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு.