பழைய க்ரூஸரை நேரடியாக விற்கும் முறை

பழைய க்ரூஸர் பைக்கை புரோக்கர் இல்லாமல் விற்பது ஒரு நுண்கலை. 'சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டியது, மழையில் நனையாதது' என்று விளம்பரம் தொடங்கும். இத்தனை டாக்டர்கள் பைக் ஓட்டினால் ஆஸ்பத்திரியில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பது நாகரிகமன்று.

அடுத்து விலை. வண்டி தண்டர்பேர்ட் க்ரூஸர் என்றால், அதன் சந்தை மதிப்போடு உயர்த்திய ஹேண்டில்பார், அகலமான பின்டயர், தெருவையே எழுப்பும் சைலன்சர், டேங்கில் வரைந்த கழுகு ஆகியவற்றின் செலவும் முழுதாகச் சேரும். வண்டிக்குத் தேய்மானம் உண்டு, கழுகுக்குக் கிடையாது.

வாங்குபவர் மூன்று பேரை அழைத்து வருவார். ஒருவர் மெக்கானிக், மற்ற இருவர் உதட்டைப் பிதுக்குவதற்கு.

ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. ஆகவே அனுபவசாலி, பரணிலிருந்து கம்பெனி சைலன்சரையும் ஹேண்டில்பாரையும் இறக்கி மாட்டிவிடுகிறார். கஸ்டம் வண்டிக்கு நல்ல விலை கிடைப்பது, அது கஸ்டம் வண்டியாக இல்லாதபோதுதான்.

கடைசியில் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30. கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவதே மரபு. ஆர்.சி.யில் பெயர் மாறும்வரை விபத்து இழப்பீட்டுக்குப் பதிவேட்டில் உள்ள உரிமையாளரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது.