லாரி டியூப் வாசர்

சின்னமனூர் வீட்டில் அப்பா ஒரு தகர டப்பா வைத்திருந்தார். அதில் நிறைய வாசர்கள். பழைய லாரி டியூபின்மேல் தேய்ந்த வாசரை வைத்து, பேனாவால் வட்டம் போட்டு, அவரே வெட்டியவை. வாசல் குழாய் சொட்டினால் அன்றைக்கே வேலை நடக்கும். வால்வை அடைத்துவிட்டு, ஸ்பேனரால் குழாயின் தலையைக் கழற்றுவார். வாசர் மாற்றி மூடியதும் என்னைத் திருகச் சொல்வார். "இறுக்காதப்பா. ரப்பர் நசுங்கிப்போகும், அப்புறம் பித்தளையும் தேயும்."

அத்தனைக்கும் அந்தக் குழாயில் தண்ணீர் வந்ததே காலையில் இரண்டு மணி நேரம்தான். சொட்டினாலும் அதற்குமேல் சொட்ட முடியாது. ஆனாலும் அப்பத்தா கீழே செம்பு வைப்பாள். மேற்கே ஓடிய பெரியாற்றை 1895இல் பென்னிகுக் அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிய கதை அவளுக்கு வீட்டுக் கதை மாதிரி. எங்கள் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லும் அந்தத் தண்ணீரில்தான் விளைகிறது. அது மலையிலிருந்து இறங்கும் லோயர் கேம்ப் பக்கம் போனால், அந்தத் தண்ணீரைக் கும்பிட்டுவிட்டுத்தான் வருவாள்.

இப்போது அதே இடத்தில் என் வீடு. மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க், தோட்டத்தில் கால் திருகு திருகினால் கொட்டும் பளபளப்பான குழாய். அது நான்கு மாதம் சொட்டியது. மோட்டார் போட்டு மேலே ஏற்றிய தண்ணீர், இரவு முழுக்க. ஒரு நாள் வாளி வைத்துப் பார்த்தேன். விடியும்போது முக்கால் வாளி. எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

பிளம்பர் தம்பி பார்த்தார். "அண்ணே, இதுல வாசரே கிடையாது. குழாயவே மாத்திருவோம்."

மனம் ஒப்பவில்லை. நானே கழற்றினேன். உள்ளே ரப்பருக்குப் பதில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் இரண்டு பீங்கான் வில்லைகள். மணல் ஏறி அவற்றில் கோடு விழுந்திருந்தது. அந்த உள்பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கடை கடையாக அலைந்தேன். பல் எண்ணிக்கை ஒத்துப்போனது மூன்றாவது கடையில்தான். மாட்டியதும் சொட்டு நின்றது.

நான்காம் நாள் பார்த்தால், குழாயடியில் தானாக முளைத்திருந்த சேம்பு இலை தொங்கிக் கிடந்தது. அரிசி களைந்த தண்ணீரைச் செம்பில் கொண்டுபோய் ஊற்றினேன். அப்பத்தாவின் செம்புதான் அது.