கால் மணி நேரத்தில் எகிப்து

டாரட் சீட்டுக்கட்டு பிறந்த காரணம் ரொம்ப எளிது: வட இத்தாலியப் பிரபுக்களுக்குப் பொழுது போகவில்லை. 15ஆம் நூற்றாண்டில், இருந்த 56 சீட்டோடு 22 படச்சீட்டைச் சேர்த்தார்கள். போப், பிசாசு, மரணம் எல்லாம் உண்டு. பயப்பட வேண்டாம், அவை வெறும் துருப்புகள். மிலான் கோமகன் வீட்டுக் கட்டில் தங்கரேக்கு பதித்திருந்தது. அங்கே மரணம் விழுந்தால் யாருக்கும் வியர்க்காது. வெட்டியவர் சந்தோஷமாக இன்னொரு கோப்பை ஒயின் ஊற்றிக்கொள்வார்.

பிறகு அது பிரான்சுக்குப் போனது. மர்சேய் தொழிலாளிகள் மரக்கட்டையில் செதுக்கி, அச்சடித்து, சாயம் ஏற்றி விற்றார்கள். அப்பன் செதுக்கியதை மகன் நகலெடுத்தான். அர்த்தம் கேட்டால் விலையைச் சொன்னான்.

அப்புறம் வந்தார் பாரிஸ் அறிஞர் கூர் த ஜெபலின். ஒரு சீமாட்டி வீட்டுச் சீட்டாட்டத்தை எட்டிப் பார்த்தவர், கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டார்: இது எகிப்தியப் பூசாரிகளின் மறைநூல்! 1781இல் புத்தகத்திலும் போட்டார். எகிப்தியச் சித்திர எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் அன்று உலகில் ஒருவருமில்லை. ஷாம்போலியோன் அதன் முடிச்சை அவிழ்க்க இன்னும் 41 வருஷம் இருந்தது. மறுக்க ஆளில்லாத துறையில் மேதையாவது சுலபம்.

ஜெபலின் ஆராய்ச்சியோடு நின்றார். அதே ஊர் ஜோசியர் அல்யெத் கடை விரித்தார். பெயரின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டு ‘எத்தெய்லா’ ஆனார். 1785இல் டாரட் ஜோசியப் புத்தகம், கொஞ்ச காலத்தில் சொந்தச் சீட்டுக்கட்டு. பழைய கட்டில் மேஜை போட்டுச் செப்படி வித்தை காட்டிய தெருக்காரனும் பின்னாளில் மகா மந்திரவாதியாகப் பதவி உயர்வு பெற்றான். தொழில் அதேதான், விசிட்டிங் கார்டுதான் மாறியது.

ஆக, மர்சேயில் கை மட்டும் வேலை செய்தது. பாரிசில் கற்பனை மட்டும். இரண்டையும் ஒன்றாக உட்காரவைத்தவர் லண்டன் ஓவியர் பமீலா கோல்மன் ஸ்மித். மறைஞான எழுத்தாளர் ஆர்தர் வெயிட் கேட்டு, 1909இல் ஒரு முழுக் கட்டு வரைந்தார். அதுவரை பெரும்பாலும் ‘ஐந்து கோப்பை’ என்றால் ஐந்து கோப்பைதான். இவர் மூன்றைக் கவிழ்த்துவிட்டு, எதிரே கறுப்பு அங்கிக்காரன் ஒருவனைத் தலைகுனிய நிறுத்தினார். எண் கதையாயிற்று. மூன்று வாள் குத்திய இதயமோ பழைய இத்தாலிய சோலா புஸ்கா கட்டிலேயே இருந்தது. பழசில் நல்லதைச் சுட அவர் கூச்சப்படவில்லை.

உலகம் அந்தக் கட்டை ‘ரைடர்-வெயிட்’ என்றது. ஒருவர் பதிப்பாளர், மற்றவர் யோசனை சொன்னவர். வரைந்தவருக்குச் சொற்பக் காசு. எதிர்காலம் சொல்லும் 78 சீட்டில் ஒன்றுகூட, “அம்மா, முதலில் ஒப்பந்தத்தைப் படி” என்று அவரிடம் வாய் திறக்கவில்லை.