ராயபுரத்துக் கணைக்காலும் முன்பனிக் காலமும்: ஒரு தடைவிடை ஆராய்ச்சி

சென்னைக்குக் குளிர்காலம் என ஒன்று இல்லை என்பது நெடுங்காலமாக நிலவிவரும் கொள்கை. இக்கொள்கையினர் நுங்கம்பாக்கத்து வெப்பமானியைச் சாட்சிக்கு அழைப்பர். 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும் அங்கே பதிவான 13.9 பாகைதான் அடிமட்டம். வழக்கமான மார்கழி விடியலோ 20, 21 பாகைக்குக் கீழே இறங்க மனம் வைப்பதில்லை. உதகைக்காரர் இதைக் கேட்டால் மின்விசிறியைப் போடச் சொல்வார். ஆயினும் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய ஊர்களின் பருவத்தை நுங்கம்பாக்கத்தில் தீர்மானிப்பது, காசிமேட்டு வஞ்சிரத்தின் விலையைத் தியாகராய நகரில் விசாரிப்பதற்கு ஒப்பாகும். வடசென்னையில் பனிக்காலம் உண்டு. அது காற்றில் தொடங்கித் தோலில் முடிகிறது. அதற்கான மருந்தும் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. இம்மூன்றையும் நிறுவுவதே இவ்வாராய்ச்சியின் நோக்கம்.

இதற்கு வேண்டிய கருவிகள் இரண்டு. முதலாவது தேங்காய் எண்ணெய் பாட்டில். 24 பாகையை ஒட்டி உறையும் இயல்புடைய இவ்வெண்ணெய், சித்திரையில் தண்ணீராய் ஓடும். மார்கழியிலோ குறுகிய கழுத்துக்குள் வெள்ளைக் கட்டியாக உட்கார்ந்துகொண்டு, கவிழ்த்தாலும் தட்டினாலும் வர மறுக்கும். துடைப்பக்குச்சியால் குடைவோர், வெந்நீர்க் குண்டானில் நிறுத்துவோர், மொட்டைமாடி வெயிலில் வைப்போர் என இதை வெளிக்கொணர்வதில் மூன்று மரபுகள் வழங்குகின்றன. இரண்டாவது கருவி கணைக்கால். எண்ணெய்ச் சுரப்பிகள் அங்கே குறைவு; ஆகவே உடம்பில் முதலில் வறள்வது அதுவே. வறண்ட மேல்தோலின் செதில்கள் விளிம்பு தூக்கி ஒளியைச் சிதறடிப்பதால் நகம் பட்ட இடம் வெள்ளைக்கோடாகத் தெரியும். பள்ளிக்கூடம் போனதாகச் சொல்லும் பிள்ளை கடலில் ஆட்டம் போட்டுவிட்டு வந்ததைக் கண்டுபிடிக்கத் தாய்மார் கையாளும் சோதனையும் இதுவே. நகம் படாமலே கால் வெளுத்து, “இன்னாடா, காலு சாம்பல் பூத்துக்கீது” என்று வீட்டார் கேட்கும் நாளை முன்பனியின் முதல் நாள் என்க.

கடலோரக் காற்றில் எந்நேரமும் ஈரம் உண்டு, அங்கே தோல் வறளுமாறு எங்ஙனம் எனின், ஈரப்பதத்தை விழுக்காட்டில் அளந்ததால் வந்த மயக்கம் அது. 20 பாகைக் காற்று கனமீட்டருக்குச் சுமார் 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். விடியற்காலை ஈரப்பதம் 80 விழுக்காடு என்றே கொண்டாலும் அதில் இருப்பது 14 கிராம். அந்தக் காற்று 32 பாகைச் சூடுள்ள தோலை ஒட்டி வெதுவெதுப்பாகும்போது 34 கிராம் வரை கொள்ளும் வயிறு பெறுகிறது. அதாவது ஐந்தில் மூன்று பங்கு காலி. அந்தக் காலியிடத்துக்குத் தோலிலிருந்தே நீர் போகிறது. புழுக்கமான புரட்டாசி இரவில், 28 பாகையில் அதே 80 விழுக்காடு என்றால் 22 கிராம் உண்டு. காற்றுக்கு அவ்வளவு தாகம் இல்லை. விழுக்காடு ஒன்றாக இருக்கத் தோலின் நிலை வேறாவது இதனால்தான். போதாததற்கு, விடியலில் அடிப்பது கடற்காற்றன்று, நிலக்காற்று.

அற்றன்று, கடலிலேயே கிடக்கும் மீனவர் காலுக்கு நீர்ப்பஞ்சம் ஏது என்பாரும் உளர். நனைவது வேறு, நீரைக் காப்பது வேறு. நனைந்து காயும் ஒவ்வொரு முறையும் தோல் தன்னிடமிருந்த நீரையும் சேர்த்து இழக்கிறது. எஞ்சிய உப்பு அதை உறுத்துகிறது. கரையிலும் நிம்மதி இல்லை. மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரில் கடல் புகுந்து அரை நூற்றாண்டாகிறது. உப்பும் கடினமும் ஏறிய போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நுரைக்கும்வரை தேய்த்தால், கரையாத சோப்புப் படிவு தோலிலேயே தங்கும். சோப்பின் காரத்தன்மை மேல்தோலின் கொழுப்பைக் கரைக்கும். குளிர்கிறதே என்று கொதிக்கக் கொதிக்க ஊற்றும் வெந்நீர், மிச்சத்தையும் கழுவிக்கொண்டு போகும்.

மருந்துக்கு வருவோம். திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் புற்று வடிவினர். ஆண்டு முழுதும் கவசத்துக்குள் இருப்பவர். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் களைந்து புனுகு, சாம்பிராணித் தைலம் சாத்துகிறார்கள். இதைத் தோல் மருத்துவம் என்று வாதிடுவது அடியார்க்கு உவப்பாகாது. பனி தொடங்கும் வாசலில் எண்ணெய் என்ற காலக்கணிப்பை மட்டும் சான்றாகக் கொள்வோம். தேங்காய் எண்ணெய் பழம்பாட்டி வைத்தியம், லோஷனே விஞ்ஞானம் எனின், 2004இல் பிலிப்பைன்ஸில் தோல் வறண்ட 34 பேரின் கால்களில் நடந்த ஆய்வைக் காண்க. இரண்டு வாரம், நாளுக்கு இருமுறை தடவியதில் தேங்காய் எண்ணெயும் கனிம எண்ணெயும் சமமாகவே பலன் தந்தன. எண்ணெய் நீரைக் கொடுப்பதில்லை. இருப்பதைப் போகவிடாமல் மூடுகிறது. ஆகவே காய்ந்த காலில் பூசுவது காலிக் குடத்துக்கு மூடி போடும் வேலை. இளஞ்சூட்டில் சுருக்கமாகக் குளித்து, துண்டால் ஒற்றி, ஈரம் போகுமுன் தடவ வேண்டும். சோப்பு அக்குளுக்கும் அழுக்குக்கும் போதும். பரு வரும் முகத்துக்கு இவ்வெண்ணெய் ஆகாது. ஆழ்ந்த பித்தவெடிப்புக்கு யூரியா கலந்த களிம்பு நன்று. இவை புறனடை.

இறுதித் தடை எண்ணூரிலிருந்து வருகிறது. 1970இல் தொடங்கி 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையத்தையும், 1990களில் வந்த வடசென்னை அனல்மின் நிலையத்தையும் அருகே வைத்துக்கொண்டு, காலில் பூத்த சாம்பலைப் பருவத்தின் தலையில் கட்டலாமா? நியாயமான கேள்வி. வேறுபடுத்தும் வழி எளிது: கழுவினால் போவது மின்நிலையத்துச் சாம்பல், கழுவிக் காய்ந்ததும் கூடிவருவது நம் சொந்தச் சாம்பல். எண்ணெய்க்கும் இப்பாகுபாடு பொருந்தும். பெட்ரோலியத்திலிருந்து வடித்தெடுத்து, 1872இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற வாசலின் வெடிப்பை ஆற்றும். 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெயோ, அதைப் பக்கெட்டாலும் மக்காலும் அள்ளிய மீனவர் தோலை அரித்தது. எனவே நம் முடிபுக்கும் ஓர் எல்லை உண்டு. தேங்காய் எண்ணெய் உள்ளிருக்கும் நீரைக் காக்கும். வெளியிலிருந்து வருவதைத் தடுக்க அதற்கு அதிகாரம் இல்லை. அவ்வதிகாரம் பெற்ற அலுவலகங்கள் உண்டு. அவை எந்தப் பாகையில் உறைகின்றன, எந்தப் பாகையில் உருகுகின்றன என்பது தனி ஆய்வுக்குரியது.