மூன்று மாதம் முன்னால் என்ன நடந்தது?

இருபதுகளில் இருக்கும் ஆண்கள் திடீர் முடி உதிர்வு பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த வாரப் பக்கம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம். பெரும்பாலானவர்கள் கேட்பது ‘எந்த எண்ணெய்?’ என்று. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ‘எதனால்?’ என்பது.

கே: எனக்கு 24 வயது. ஒரு மாதமாகக் கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. சீப்பைத் தொடவே பயமாக இருக்கிறது. வழுக்கை ஆகிவிடுவேனா?
– ஒரு வாசகர், திருப்பூர்

ப: காலண்டரில் மூன்று மாதம் பின்னால் போய்ப் பாருங்கள். டெங்கு, டைபாய்டு, கொரோனா என்று காய்ச்சலில் படுத்தீர்களா? ஆபரேஷன் நடந்ததா? பட்டினி கிடந்து எடையைக் குறைத்தீர்களா? வீட்டில் சாவு, வேலை போனது என்று பெரிய அடி ஏதும் விழுந்ததா?

நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. அவற்றில் பத்துக்கு ஒன்பது எப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும். மிச்சம் ஓய்வில் இருக்கும். உடம்புக்குக் கடும் அதிர்ச்சி வந்தால், வளர்கிற முடிகளில் ஒரு பெரும் பங்கு ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அந்த ஓய்வு இரண்டு, மூன்று மாதம் நீடிக்கும். அதன் பிறகுதான் முடி விழும். காய்ச்சலையே மறந்த பிறகு முடி கொட்டுவதும், பாவம், அந்த வாரம் மாற்றிய ஷாம்பூ பழி சுமப்பதும் இதனால்தான்.

மருத்துவர்கள் இதை ‘டெலோஜன் எஃப்ளூவியம்’ என்பார்கள். வேர் சாகவில்லை. காரணம் விலகிவிட்டால் பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் கொட்டுவது நிற்கும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் பழைய அடர்த்தி கண்ணுக்குத் தெரிய ஓராண்டு ஆகலாம். இந்தக் காரணத்தால் மட்டும் யாரும் வழுக்கை ஆவதில்லை. தைரியமாக இருங்கள்.

கே: ஒரு நாளைக்கு எத்தனை முடி கொட்டலாம்? தினமும் எண்ணி நோட்டில் எழுதுகிறேன்.
– ஒரு வாசகர், கும்பகோணம்

ப: 50 முதல் 100 வரை இயல்பு. வாரம் ஒருமுறை தலைக்குக் குளிப்பவருக்கு, பல நாள் கணக்கு ஒரே நாளில் வந்து விழும். நோட்டை மூடிவிட்டு இதைச் செய்யுங்கள்: ஒரு நாள் தலை அலசாமல் இருந்து, ஐம்பது அறுபது முடியை விரல்களுக்கு இடையே பிடித்து, வேரிலிருந்து நுனிவரை மெதுவாக இழுங்கள். தலையின் நாலைந்து இடங்களில் இப்படிச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஆறுக்கு மேல் கையோடு வந்தால் டாக்டரைப் பாருங்கள். ஒன்றிரண்டு வந்தால் கவலை வேண்டாம்.

கே: எனக்குக் காய்ச்சல், கவலை எதுவும் இல்லை. திடீரென்று நெற்றியின் இரண்டு ஓரமும் ஏறிவிட்டது. ஏன்?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

ப: நீங்கள் கவனித்ததுதான் திடீர், நடந்தது மெதுவாகவே இருக்கும். மூன்று வருடத்துக்கு முந்தைய போட்டோவை எடுத்து ஒப்பிடுங்கள். தலை முழுக்கச் சீராகக் கொட்டினால் ஒரு கதை; நெற்றி ஓரமும் உச்சியும் மட்டும் குறைந்து, பின்தலை அடர்த்தியாகவே இருந்தால் வேறு கதை. இரண்டாவது, பரம்பரை வழுக்கை. இதில் முடி கொட்டுவதைவிட மெலிவதுதான் முக்கியம். ஒவ்வொரு முறை முளைக்கும்போதும் முன்பைவிட நூலாக முளைக்கும்.

இதன் காரணத்துக்குத் துப்பு கிடைத்த வரலாறு சுவையானது. பருவம் எய்தும் முன் விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று அமெரிக்காவின் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942-ல் எழுதினார். ஆண்மை ஹார்மோன் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது என்று அப்போது தெரிந்தது. டொமினிகன் குடியரசின் ஒரு கிராமப்பகுதியில், டெஸ்டோஸ்டிரோனை டிஹெச்டி என்ற வீரியமான ஹார்மோனாக மாற்றும் நொதி பிறவியிலேயே குறைந்தவர்களைப் பற்றிய ஆய்வு 1974-ல் வெளியானது. அந்த ஆண்களுக்கும் வழுக்கை விழவில்லை. அந்த நொதியைத் தடுக்கும் மருந்தாக வந்ததுதான் ஃபினாஸ்டரைடு. அமெரிக்காவில் 1997-ல் ஆண்களின் வழுக்கைக்கு அனுமதி கிடைத்தது. சிலருக்கு ஆசை குறைவு, விறைப்புக் குறைவு, மனச்சோர்வு வரலாம் என்பதால் டாக்டரிடம் பேசாமல் இதைத் தொடவே கூடாது.

இன்னொன்று: காய்ச்சல் உதிர்வும் பரம்பரை வழுக்கையும் சேர்ந்தும் வரும். உள்ளுக்குள் மெதுவாக நடந்துகொண்டிருந்த வழுக்கையை ஒரு டெங்கு வெளிச்சம் போட்டுக் காட்டிவிடும்.

கே: அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கு வழுக்கை என்றால் பேரனுக்கும் நிச்சயமா?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

ப: நிச்சயமில்லை. ஆண் ஹார்மோனை ஏற்கும் புரதத்துக்கான மரபணு தாய்வழி எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் தாத்தாவுக்குப் பங்கு உண்டு. ஆனால் இதில் பல மரபணுக்கள் கைகோக்கின்றன. அப்பா வழியிலும் வரும். தாத்தாவை மட்டும் குற்றவாளியாக்காதீர்கள்.

கே: காலையில் எழுந்து பார்த்தால் பின்தலையில் ஒரு ரூபாய் அளவுக்கு வழவழவென்று சொட்டை. ராத்திரி பூச்சி கடித்திருக்கும் என்கிறார் பாட்டி. சின்ன வெங்காயம் தேய்க்கலாமா?
– ஒரு வாசகர், விருதுநகர்

ப: புழுவெட்டு என்று பெயர் இருந்தாலும் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. நோயை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் படையே முடி வேரைத் தாக்குகிறது. பெயர் ‘அலோபீசியா ஏரியேட்டா’. யாருக்கும் தொற்றாது, அதே சீப்பை அண்ணனும் தம்பியும் பயன்படுத்தலாம். ஒன்றிரண்டு சொட்டைகள் பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே நிரம்பிவிடும். வெங்காயத்துக்குக் கிடைக்கிற நல்ல பெயரில் ஒரு பங்கு இப்படி வருவதுதான். எரிய எரியத் தேய்த்துத் தோலைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம்.

தோல் டாக்டர் சொட்டையிலேயே ஸ்டீராய்டு ஊசி போடுவார்; பலருக்கு நன்றாகக் கேட்கும். கடுமையாகப் பரவியவர்களுக்கென அமெரிக்காவில் 2022-ல் பாரிசிடினிப் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. தைராய்டு கோளாறும் இதோடு சேர்ந்து வரக்கூடும், எனவே அதையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

சொட்டையில் செதிலும் ஒடிந்த முடியும் இருந்தால் அது பூஞ்சை, மாத்திரை வேண்டும். அந்து அரித்த துணிபோல அங்கங்கே சின்னச் சின்னதாக முடி போயிருந்தால், சிபிலிஸ் என்ற பால்வினை நோயாகவும் இருக்கலாம். வெட்கப்படாமல் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால், பென்சிலினில் குணமாகும்.

கே: சென்னைக்கு வந்து மேன்ஷனில் தங்கியதிலிருந்து கொட்டுகிறது. போர் தண்ணீர்தானே காரணம்?
– ஒரு வாசகர், திருவல்லிக்கேணி

ப: விழுந்த முடியை வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து கழன்று விழுந்த முடி. குமிழ் இல்லாமல் துண்டாக இருந்தால் நடுவில் ஒடிந்த முடி. உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், ஒடியவும் வைக்கலாம். தோலுக்குள் இருக்கும் வேரை அது அசைப்பதில்லை. குமிழோடு விழுந்தால் தண்ணீரை விட்டுவிட்டு உங்கள் வாழ்க்கையைப் பாருங்கள். ஊர் மாறியபோது சாப்பாடும் தூக்கமும் மாறினவா? காலை டீ, மதியம் பரோட்டா, ராத்திரி ஷிஃப்ட் என்று ஓடுகிறதா? மேன்ஷனில் குறைவது பெரும்பாலும் முட்டை, பருப்பு, கீரை, தூக்கம்.

கே: ஹெல்மெட்டால் வழுக்கை வருமா?
– ஒரு வாசகர், சேலம்

ப: வராது. உள்ளே ஒரு பருத்தித் துணி கட்டுங்கள், வியர்வையைக் கழுவுங்கள். முடியைக் காப்பாற்ற மண்டையைப் பணயம் வைக்காதீர்கள்.

கே: எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே வாரத்தில் கொட்ட ஆரம்பித்தது. இது பரம்பரையா?
– ஒரு வாசகர், ஓசூர்

ப: பரம்பரை எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வராது. பலருக்கு ஒன்றாக வந்தால் எல்லோருக்கும் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும். சில மாதம் முன்பு மூவருக்கும் ஒரே காய்ச்சல் வந்ததா என்பது முதல் கேள்வி. அது இல்லையென்றால் சாப்பாடு.

மகாராஷ்டிரத்தின் புல்டாணா மாவட்டத்தில், ஷேகாவ் வட்டாரக் கிராமங்களில் 2024 டிசம்பர் கடைசியிலும் 2025 ஜனவரியிலும் பலருக்குச் சில நாட்களிலேயே தலை மொட்டையானது. தண்ணீர், பூஞ்சை என்று முதலில் சந்தேகம் ஓடியது. மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆரின் நிபுணர்கள் வந்து மாதிரிகள் எடுத்தார்கள். தேள்கடிச் சிகிச்சையில் பெயர் பெற்ற மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் ஆராய்ந்து, அந்த மக்களின் ரத்தத்திலும் அவர்கள் சாப்பிட்ட ரேஷன் கோதுமையிலும் செலினியம் மிக அதிகமாக இருந்ததாகத் தெரிவித்தார். செலினியம் உடம்புக்குத் தேவையான சத்துதான். அளவு மீறினால் முடியும் நகமும் உதிரும். மூவரும் சேர்ந்தே டாக்டரிடம் போங்கள்.

கே: முடிக்கான சத்து மாத்திரைகள் உதவுமா? பயோட்டின் ஆறு மாதமாகச் சாப்பிடுகிறேன்.
– ஒரு வாசகர், மதுரை

ப: பயோட்டின் குறைபாடு ஒழுங்காகச் சாப்பிடுபவருக்கு அபூர்வம். அதைவிட முக்கியம்: பயோட்டின் அதிகமானால் தைராய்டு பரிசோதனையும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் டிரோபோனின் பரிசோதனையும் தவறான முடிவு காட்டலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017-ல் எச்சரித்தது. ரத்தம் கொடுக்குமுன் லேபில் சொல்லுங்கள். செலினியமும் வைட்டமின் ஏ-யும் அளவு மீறினால் முடியைக் கொட்டவே வைக்கும்.

மாத்திரைக்கு முன் பரிசோதனை செய்யுங்கள். ஹீமோகுளோபின், இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, வைட்டமின் டி, பி12 போதும். இளம் ஆணுக்கு இரும்புச்சத்து குறைந்திருந்தால் மாத்திரையோடு நிறுத்திவிடக் கூடாது. ரத்தம் எங்கோ போகலாம்: மூலமா, வயிற்றுப்புண்ணா, கொக்கிப்புழுவா என்று தேட வேண்டும். அப்படித் தேடும்போது முடியைவிடப் பெரிய விஷயம் ஒன்று காப்பாற்றப்படலாம்.

கே: ஜிம்மில் கிரியேட்டின் சாப்பிட்டால் முடி கொட்டும் என்கிறார்களே?
– ஒரு வாசகர், திருச்சி

ப: தென்னாப்பிரிக்க ரக்பி வீரர்களிடம் நடந்து 2009-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் டிஹெச்டி அளவு கூடியது, ஆனால் அதில் யாரும் முடியை அளக்கவில்லை. கிரியேட்டினைவிட நான் அஞ்சுவது வேறு இரண்டுக்கு. ஒன்று, உடம்பை ஏற்றப் போடும் ஸ்டீராய்டு ஊசி (சொட்டைக்கு டாக்டர் போடுவது வேறு). அது டிஹெச்டியை ஏற்றி வழுக்கையை முடுக்கும், விந்தணுவைக் குறைக்கும், விரையைச் சுருக்கும். மற்றது, போட்டிக்காக இரண்டு மாதத்தில் பத்துக் கிலோ குறைப்பது. அதற்கான விலையை மூன்றாவது மாதம் தலை கொடுக்கும்.

கே: இதை யாரிடமும் கேட்க முடியவில்லை. சுய இன்பத்தால்தான் முடி கொட்டுகிறதா?
– பெயர், ஊர் வேண்டாம்

ப: இல்லை தம்பி. விந்து வெளியேறுவதால் முடி வேருக்குப் போக வேண்டிய சத்து எதுவும் குறைவதில்லை. இந்தப் பயத்தை வைத்து லாட்ஜில் அறை போட்டு லேகியம் விற்பவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. குற்ற உணர்ச்சியில் தூங்காமல், சாப்பிடாமல் கிடக்கிறாயே, அதுதான் கெடுதல். நிம்மதியாகத் தூங்கு.

கே: மெடிக்கலில் மினாக்சிடில் வாங்கித் தடவினேன். முதல் மாதமே அதிகமாகக் கொட்டியது. நிறுத்திவிட்டேன். சரிதானே?
– ஒரு வாசகர், வேலூர்

ப: அவசரப்பட்டுவிட்டீர்கள். இது முதலில் ரத்த அழுத்தத்துக்கு வந்த மாத்திரை. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெங்கும் முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலைக்குத் தடவும் மருந்தாக மாற்றினார்கள். ஓய்வில் இருக்கும் பழைய முடியைப் புதிய முடி தள்ளுவதால் முதல் சில வாரம் கொட்டுவது சகஜம். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் கிடைத்தது சில மாதத்தில் போய்விடும். ஆகவே இது நீண்ட கால ஒப்பந்தம். பரம்பரை வழுக்கைதான் என்று டாக்டர் உறுதி செய்த பிறகு தொடங்குங்கள். காய்ச்சலால் கொட்டியதென்றால் இது இல்லாமலே வளர்ந்திருக்கும். வீட்டில் பூனை வளர்த்தால் மிகவும் கவனம், அதற்கு இது விஷம்.

கே: பழனியில் மொட்டை போட்டால் அடர்த்தியாக வளருமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

ப: வேண்டுதலுக்காகப் போடுங்கள், மன நிறைவு கிடைக்கும். சவரக்கத்தி வேரைத் தொடுவதில்லை. வெட்டிய முனை தட்டையாக இருப்பதால் கைக்குத் தடிப்பாகத் தோன்றும், அவ்வளவே.

கே: 22 வயது. முடி நட்டுக்கொள்ளக் கடன் வாங்கலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு

ப: இப்போது வேண்டாம். பின்தலையிலிருந்து எடுத்து முன்னால் நடுகிறார்கள். அந்த இருப்புக்கு அளவு உண்டு. 22 வயதில் வழுக்கை எதுவரை போகும் என்று தெரியாது. நட்ட முடி நிற்க, அதன் பின்னால் இருப்பது போய்க்கொண்டே இருக்கும். காய்ச்சல் உதிர்வுக்கும் புழுவெட்டுக்கும் இது வைத்தியமே அல்ல. பின்னாளில் செய்தாலும் அறுவை செய்பவர் தகுதி பெற்ற மருத்துவர்தானா, அவசரச் சிகிச்சை வசதி உண்டா என்று கேளுங்கள். 2016-ல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட ஒரு மருத்துவ மாணவரே உயிரிழந்தார். இதுவும் ஆபரேஷன்தான், மறக்காதீர்கள்.

கே: பெண் பார்க்கப் போகிறார்கள். கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை. நண்பர்களின் கிண்டல் தாங்கவில்லை.
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

ப: உங்கள் வலி சின்ன வலியல்ல; ‘முடிதானே’ என்று யாரும் ஒதுக்கக் கூடாது. கிண்டல் செய்பவரிடம் ‘இது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது’ என்று நேராகச் சொல்லுங்கள். நண்பர் என்றால் நிறுத்துவார். பெண் வீட்டாரிடம் எதையும் மறைக்காதீர்கள். சாப்பாடு, தூக்கம், வேலை எதிலும் மனம் செல்லாமல் இரண்டு வாரம் தாண்டினால் மனநல ஆலோசகரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

கே: சுருக்கமாகச் சொல்லுங்கள்: எப்போது காத்திருக்கலாம், எப்போது ஓட வேண்டும்?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

ப: காய்ச்சலோ ஆபரேஷனோ நடந்து மூன்று மாதம் கழித்துத் தலை முழுக்கச் சீராகக் கொட்டினால், நன்றாகச் சாப்பிட்டு ஆறு மாதம் காத்திருக்கலாம். நெற்றியும் உச்சியும் மெலிந்தால் அந்த மாதமே தோல் டாக்டரைப் பாருங்கள்; இருப்பதைக் காப்பது, போனதை மீட்பதைவிட எளிது. சொட்டை, செதில், எரிச்சல், சீழ், வலி, புருவமும் சேர்ந்து உதிர்தல், புதிய மாத்திரை தொடங்கிய பின் உதிர்தல் இருந்தால் அந்த வாரமே போங்கள். தழும்பு விட்டு ஆறும் வகையில் ஒருமுறை போன வேர் திரும்ப முளைக்காது.

போகும்போது மூன்று விவரங்களை எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, தலையில் எந்த இடம், அதற்கு மூன்று மாதம் முன்னால் உங்களுக்கு என்ன நடந்தது. பழைய போட்டோ ஒன்றும், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளும் கையில் இருக்கட்டும். இவ்வளவு இருந்தால் பாதிக் காரணம் டாக்டர் தலையைத் தொடுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.